குறியும் கூற்றும்: நிறுவன அடையாளத்திற் படக்குறிகளின் ஒருமை பற்றிய ஒரு விமர்சன நோக்கு

1

தமிழிலே திறனாய்வு பெரும்பாலும் எழுத்திலக்கியத்தையே தனது ஆய்வுப் பொருளாகக் கொண்டு வளர்ந்து வந்துள்ளது. கவிதை, புனைகதை, நாடகம் ஆகியவற்றுக்கு அப்பால் மக்கள் நாள்தோறும் வாசிக்கும் குறிகளை அது பொருட்படுத்தியதில்லை எனலாம். பசளைப் பையின் மேலுள்ள நெற்கதிர், தேயிலைப் பொட்டலத்தின் மேலுள்ள சிங்கம், வங்கி வாயிலின் மேலுள்ள வட்டம், கைபேசித் திரையிலே நெருங்கிக் கிடக்கும் சிறு சதுரங்கள் ஆகிய இவற்றையெல்லாம், வாழ்நாளில் ஒரு நூலையேனும் கையிலெடாத ஒருவரும் வாசித்தே ஆகவேண்டியுள்ளது. மக்களின் சிந்தனையையும் நடத்தையையும் இவ்வளவு விரிவாகப் பாதிக்கும் ஒரு வெளிப்பாட்டு முறையை விளம்பரக்காரரின் தொழில்நுட்பம் என்று ஒதுக்கிவிடுதல் சமூகவியல் நோக்குடைய திறனாய்வுக்கு ஏற்புடையதன்று.

இக்கட்டுரை அப்பரப்பிலே ஒரு சிறு கூற்றினை மட்டும் எடுத்துக்கொள்கிறது. ஒரு கம்பனியோ கூட்டுத்தாபனமோ தனது காட்சி அடையாளத்தை அமைத்துக்கொள்ளும்போது, அதன் இலச்சினையோடு பல சிறு படக்குறிகளையும் கையாளுகிறது. அக்குறிகள் யாவும் ஒரே தன்மையனவாக, எங்கும் எப்போதும் ஒரே முறையிலே வழங்கப்படல் வேண்டும் என்பது இத்துறையினர் வலியுறுத்தும் விதி. இவ்விதி சரியானதா என்பதிலே பெரிய விவாதத்துக்கு இடமில்லை. ஆனால் ஒருமை என்பது எதன் ஒருமை, யாருக்காக ஏற்படுத்தப்படும் ஒருமை என்னும் வினாக்கள் பெரும்பாலும் எழுப்பப்படுவதில்லை. அவற்றை எழுப்புவதே இங்கு நோக்கம்.

இவ்வினாக்களை வாழைச்சேனை போன்றதோர் ஊரிலிருந்து எழுப்புவது பொருத்தமாகும். மட்டக்களப்புக்கு வடக்கே, வாவியும் வயலும் கடலும் சந்திக்கும் கோறளைப்பற்றிலே, தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்து வாழும் ஊர் அது. மீன்பிடித் துறைமுகமும் புகையிரத நிலையமும் அங்குள்ளன. 1950களின் நடுப்பகுதியிலே இயங்கத் தொடங்கிய கடதாசி ஆலையால் இலங்கை முழுவதும் பெயர் அறியப்பட்ட ஊரும் அதுவே. கொழும்பிலும் பிறநாடுகளிலும் வரையப்படும் குறிகள் இறுதியாக வந்துசேர்ந்து வாசிக்கப்படுவது இத்தகைய ஊர்களிலேயே. குறியின் வெற்றி தோல்விகள் வரைபவரின் மேசையிலே தீர்மானிக்கப்படுவதில்லை. அவை இங்குதான் தீர்மானிக்கப்படுகின்றன.

2

ஆங்கிலத்திலே வணிக அடையாளத்தைக் குறிக்கும் 'பிராண்ட்' என்னும் சொல், எரித்தலைக் குறித்த பழைய செர்மானிய மொழிச் சொல்லிலிருந்து பிறந்ததாகும். கால்நடைக்குச் சூடிட்டு உரிமை நாட்டும் வழக்கமே அச்சொல்லின் பொருள் வளர்ச்சிக்கு அடிப்படையாயிற்று. மட்டக்களப்பு வாசகருக்கு இது புதியதொரு செய்தியன்று. இப்பிரதேசத்திலே மாட்டுப் பட்டி வைத்திருந்தோர் குறிசுடும் வழக்கத்தை நெடுங்காலமாகக் கைக்கொண்டு வந்துள்ளனர். உரியவரின் பெயரெழுத்துகளோடு அவர்தம் தாய்வழிக் குடியைச் சுட்டும் குறியும் மாட்டின் உடலிலே சுடப்படுவதுண்டு.

நவீன வணிகக் குறிக்குரிய பண்புகள் யாவும் இம்மாட்டுக் குறியிலே கருவடிவில் அமைந்துள்ளமை கவனிக்கத்தக்கது. முதலாவதாக, காய்ச்சிய இரும்பினால் இடப்படுவதாதலின் அது சில கோடுகளால் மட்டும் ஆனது. கருவியும் ஊடகமும் வடிவத்தை எளிமையாக்குகின்றன. இரண்டாவதாக, அது மாறுதற்கு இடமில்லாதது. ஒரு கோடு கூடினாலும் குறைந்தாலும் மாடு மற்றொருவருடையதாகிவிடும். மூன்றாவதாக, அதனை வாசிக்கும் சமூகம் ஒன்று ஏற்கெனவே உண்டு. எந்தக் குறி எந்தக் குடிக்குரியது என்பதை ஊரறியும். நான்காவது பண்பு பெரிதும் கவனிக்கப்படாதது. மாடு யாருக்குரியது என்பதைக் குறி சொல்கிறது. ஆனால் மாட்டினை மேய்ப்பவர் யார் என்பதை அது சொல்வதில்லை. உடைமை குறியாகிறது, உழைப்பு குறியாவதில்லை. பின்னர் நாம் நோக்கவிருக்கும் பல சின்னங்களுக்கும் இது பொருந்தும்.

தமிழ் வணிக மரபிலும் இதற்குச் சான்றுகள் உள. காவிரிப்பூம்பட்டினத்துத் துறையிலே ஏற்றுமதி இறக்குமதிப் பொதிகளுக்குச் சோழரின் புலிப்பொறி இடப்பட்ட செய்தியைப் பட்டினப்பாலை தருகிறது. பெயரும் அடையாள எழுத்தும் பொறிக்கப்பட்ட பண்டப் பொதிகள் புகாரிலே குவிந்து கிடந்தமையைச் சிலப்பதிகாரம் கூறுகிறது. முன்னது அரசின் குறி. பின்னது வணிகரின் குறி. ஒரே பொதியின்மேல் இரு அதிகாரங்கள் தத்தம் குறியை இடும் நிலைமை அக்காலத்திலேயே தோன்றிவிட்டது. இன்று ஒரு கிருமிநாசினிப் போத்தலின்மேல் கம்பனியின் இலச்சினையும் அரசு விதித்த எச்சரிக்கைக் குறியும் அருகருகே நிற்பது அதன் தொடர்ச்சியே.

இலக்கண மரபு இவ்வாய்வுக்கு மற்றொரு கருவியையும் அளிக்கின்றது. நன்னூலார் பெயர்களை இடுகுறி, காரணம் என வகுத்தார். காரணம் பற்றி வருவது ஒன்று. காரணமின்றி மரபினால் வழங்குவது மற்றொன்று. படக்குறிகளையும் இவ்வாறே வகுத்தல் கூடும். குடையின் படம் 'நனையாமற் காக்க' என்பதைக் குறித்தால் அது காரணக்குறி. வங்கியொன்றின் நீல வட்டம் அவ்வங்கியைக் குறித்தால் அது இடுகுறி. ஆனால் இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள எல்லை நிலையானதன்று. கைபேசியிலே அழைப்பைக் குறிக்கும் பழைய தொலைபேசிக் கைப்பிடியின் உருவத்தை எடுத்துக்கொள்ளலாம். அத்தகைய கருவியைக் கண்டிராத இளந்தலைமுறைக்கு அது வெறும் இடுகுறியே. காரணம் மறைந்த பின்னரும் குறி வாழ்கிறது. அதனை வாழவைப்பது இடையறாத ஒரேதன்மையான வழக்கே. ஒருமை என்பதன் முழுப் பயனும் இங்கேதான் வெளிப்படுகின்றது. காரணத்தால் விளங்காத குறியை மரபினால் விளங்கச் செய்யும் ஒரே வழி அதுவாகும்.

இந்திய அரச வங்கியின் இலச்சினை இதற்குத் தக்க சான்று. 1955இலே தோன்றிய அவ்வங்கி முதலிலே ஆலமரத்தைத் தன் சின்னமாகக் கொண்டிருந்தது. நிழலும் விழுதும் பரப்பும் எவருக்கும் விளங்கும் காரணக்குறி அது. 1971இலே அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தைச் சேர்ந்த சேகர் காமத் வரைந்த நீல வட்டம் அதன் இடத்தைப் பெற்றது. நடுவிலே சிறு வெண்வட்டமும் அதன் கீழே ஒரு பிளவும் கொண்ட அவ்வடிவத்தைச் சிலர் சாவித்துவாரம் என்றனர். சிலர் நாணயம் என்றனர். நகரின் ஏரியை மேலிருந்து நோக்கிய காட்சி என்றும் கூறுவதுண்டு. பொருள் எதுவாயினும், கிராமத்துக் கிளைவரை மாறாமல் வழங்கப்பட்டமையால் அது வங்கியையே குறிக்கும் குறியாக நிலைபெற்றது. விளக்கங்கள் பலவாயினும் வழக்கு ஒன்றாக இருந்தது.

3

ஒரு தொகுதிப் படக்குறிகளிடையே வடிவ ஒருமை எவ்வாறு அமைகிறது என்பதைச் சுருக்கமாகக் கூறுதல் வேண்டும். கோட்டின் தடிப்பு ஒன்றாயிருத்தல், மூலைகளின் வளைவு ஒன்றாயிருத்தல், குறியைச் சூழும் சட்டம் ஒன்றாயிருத்தல், பொருளை நோக்கும் கோணம் ஒன்றாயிருத்தல், நுணுக்கத்தின் அளவு ஒன்றாயிருத்தல், நிறங்களின் எண்ணிக்கை வரையறுக்கப்பட்டிருத்தல் என்பன அவற்றுட் சில. ஒரு குறியிலே மீனைப் பக்கவாட்டிலே வரைந்து, அடுத்ததிலே வள்ளத்தை மேலிருந்து வரைந்து, மூன்றாவதிலே மனிதனை நிழற்படம்போல் வரைந்தால், பார்ப்பவர் ஒவ்வொரு தடவையும் புதிதாக வாசிக்கக் கற்கவேண்டியவராகிறார். எழுத்து முறையிலே ஓர் எழுத்துக்கு ஒரு வடிவம் என்னும் ஒழுங்கு எத்தகையதோ, குறித் தொகுதியிலே வடிவ ஒருமை அத்தகையது. அது அழகுக்காக மட்டும் ஏற்பட்டதன்று. வாசிப்பின் உழைப்பைக் குறைப்பதற்காக ஏற்பட்டது.

இம்முறை வரலாற்றிலே இரு வேறு ஊற்றுகளிலிருந்து வந்தது. ஒன்று முதலாளித்துவப் பெருந்தொழிலின் தேவை. ஜேர்மனியின் ஏ.ஈ.ஜி. மின்சாரக் கம்பனி 1907இலே பீட்டர் பேரென்ஸ் என்னும் கலைஞரைத் தனது ஆலோசகராக நியமித்தது. இலச்சினை, விளம்பரம், மின்கேத்தல், தொழிற்சாலைக் கட்டடம் ஆகிய யாவற்றையும் ஒரே நோக்கிலே அவர் வடிவமைத்தார். நிறுவன அடையாளம் என்று இன்று வழங்கும் கருத்தின் தோற்றுவாயாக அது கொள்ளப்படுகிறது.

மற்றைய ஊற்று இதற்கு முற்றிலும் மாறானது. சமூக ஜனநாயகவாதிகளின் ஆட்சியிலிருந்த வியன்னா நகரிலே 1925ஆம் ஆண்டு ஓட்டோ நொய்ராத் சமூக பொருளாதார நூதனசாலையொன்றை நிறுவினார். வீடமைப்பு, தொழில், நோய், வேலையின்மை ஆகியவை பற்றிய புள்ளிவிவரங்களைச் சாதாரணத் தொழிலாளரும் விளங்கிக்கொள்ளச் செய்வதே அவரது குறிக்கோள். கெர்ட் ஆர்ன்ட்ஸ் வரைந்த உருவங்களும், மரீ ரைடமைஸ்டரின் தொகுப்பு முறையும் சேர்ந்து, பின்னர் 'ஐசோடைப்' எனப் பெயர்பெற்ற படமொழி உருவாயிற்று. தொகை கூடும்போது உருவத்தைப் பெரிதாக்காது, ஒரே அளவான உருவத்தையே பல தடவை அடுக்குதல் அதன் முதல் விதி. பெரிதாக்கிய உருவம் கண்ணை ஏமாற்றும். அடுக்கிய உருவங்களை எண்ணிப் பார்க்கலாம். இங்கு ஒருமை என்பது உண்மை பேசுதற்கான நிபந்தனையாக இருந்தமை மனங்கொளத்தக்கது. 1934இலே வலதுசாரிகள் ஆட்சியைக் கைப்பற்றியதும் இக்குழுவினர் ஹேக் நகருக்கும், 1940இலே இங்கிலாந்துக்கும் புலம்பெயர நேர்ந்தது.

இன்றைய கம்பனிகளின் குறித் தொகுதிகள் பேரென்ஸிடமிருந்து நோக்கத்தையும் நொய்ராத்திடமிருந்து மொழியையும் பெற்றவை எனலாம். தொழிலாளருக்கு உலகை விளக்குதற்கென ஆக்கப்பட்ட படமொழி, பண்டத்தை விற்பதற்கான மொழியாக மாறியிருக்கிறது. இதனைக் கண்டனமாக மட்டும் கொள்ள வேண்டியதில்லை. ஆயினும் அம்மாற்றத்திலே இழக்கப்பட்டது எது என்பதை நாம் கேட்டே ஆகவேண்டும்.

இழப்பு தவிர்க்க முடியாததன்று என்பதற்கு மெக்சிக்கோ நகரச் சுரங்கப் புகையிரதம் சான்று. 1969இலே திறக்கப்பட்ட அச்சேவைக்கு லான்ஸ் வைமன் என்னும் வடிவமைப்பாளர் ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு படக்குறியை ஏற்படுத்தினார். எழுத்தறியாத பயணிகள் பலர் இருந்த நகரம் அது. வளைந்த மூலைகளையுடைய சதுரச் சட்டமும், பாதைக்குரிய நிறமும், ஒரே தடிப்பான உருவங்களும் யாவற்றுக்கும் பொது. உள்ளே அமைந்த உருவம் மட்டும் அவ்வவ்விடத்தின் வரலாற்றிலிருந்தும் பெயரிலிருந்தும் எடுக்கப்பட்டது. சட்டத்திலே பொதுமையும் உள்ளடக்கத்திலே உள்ளூர்த்தன்மையும் கூடிய இவ்வமைப்பிலே நிறுவனத்தின் நலனும் பயணியின் நலனும் ஒன்றுபட்டன.

4

இனி ஒருமை தோல்வியுறும் இடங்களை நோக்குவோம். 1971ஆம் ஆண்டின் பிற்பகுதியிலே ஈராக்குக்குப் பெருந்தொகையான விதைத் தானியம் இறக்குமதியாயிற்று. பூஞ்சணத்திலிருந்து காக்கும்பொருட்டு மெதைல் பாதரசக் கலவை பூசப்பட்ட விதை அது. பைகளின்மேல் எச்சரிக்கை ஸ்பானிய மொழியிலும் ஆங்கிலத்திலும் அச்சிடப்பட்டிருந்தது. மண்டையோடும் குறுக்கெலும்புகளும் கொண்ட குறியும் இருந்தது. அம்மொழிகள் ஈராக்கிய உழவருக்குத் தெரியா. அக்குறியும் அவர்தம் வழக்கிலே நஞ்சைக் குறித்ததன்று. விதைக்கு ஊட்டிய நிறம் கழுவினாற் போய்விட்டமையால் நஞ்சும் போய்விட்டதென நம்பியோரும் இருந்தனர். பல இடங்களிலே விதைப்புக் காலம் கடந்த பின்னரே விதை வந்துசேர்ந்தது. உழவர் அதனை மாவாக்கி ரொட்டி சுட்டு உண்டனர். 1972இலே மருத்துவமனைகளிற் சேர்க்கப்பட்டோர் 6,530 பேர். அவர்களுள் இறந்தோர் 459 பேர்.

இங்கு குறி மாறுபடவில்லை; மங்கவில்லை; தவறாக வரையப்படவுமில்லை. ஐரோப்பிய வழக்கிலே அது பிழையற்ற, ஒருமை குன்றாத குறியே. குறைபாடு வேறிடத்திலே இருந்தது. மட்டக்களப்பின் மாட்டுக் குறிக்கு வாசிக்கும் ஊர் ஒன்று இருந்தது; ஈராக்கிலே மண்டையோட்டுக் குறிக்கு அத்தகைய ஊர் இருக்கவில்லை. ஒருமை என்பது அனுப்புவோர் பக்கத்திலே மட்டும் நிறைவேறக்கூடிய ஒன்றன்று என்னும் பாடத்தை மானிட சமுதாயம் மிகுந்த விலை கொடுத்தே கற்றது.

அப்பாடம் முற்றாக மறக்கப்படவில்லை. கதிரியக்கத்தைக் குறிக்கும் மூவிலைக் குறி பொதுமக்களுக்குத் தானே விளங்குவதன்று என்பதை ஏற்றுக்கொண்ட சர்வதேச அணுசக்தி முகவரகம், ஆபத்து மிகுந்த கதிர்மூலங்களுக்கென ஒரு மேலதிகக் குறியை 2007இலே வெளியிட்டது. கதிர் அலைகள், மண்டையோடு, ஓடும் மனிதன் ஆகியவற்றை ஒரே சிவப்பு முக்கோணத்துள் அடக்கிய அக்குறி, 11 நாடுகளிலே 1,650 பேரிடம் பரீட்சிக்கப்பட்ட பின்னரே ஏற்கப்பட்டது. வாசிப்போரைக் கேட்டுக் குறியை அமைத்தல் என்னும் நெறி இங்கே வெளிப்படுகிறது. இலாப நோக்கிலே இயங்கும் நிறுவனங்கள் தம் இலச்சினையை மாற்றும்போது நுகர்வோரின் விருப்பத்தை அறிவதற்குச் செலவிடுகின்றன. எச்சரிக்கைக் குறி விளங்குகிறதா என்பதை அறிவதற்கு அதே அளவு முயற்சி எடுக்கின்றனவா என்பது கேட்கப்படவேண்டிய கேள்வி.

கிருமிநாசினிகளைப் பொறுத்தவரை இக்கேள்வி வாழைச்சேனையைச் சூழவுள்ள வயல்நிலங்களுக்கும் நேரடியாக உரியது. இந்தியாவிலே 1971ஆம் ஆண்டின் பூச்சிகொல்லி விதிகள், சாய்சதுரம் ஒன்றின் கீழரைப் பகுதியிலே நஞ்சின் வலுவை நிறத்தாற் காட்டுமாறு வகுத்தன. சிவப்பு மிகக் கடுமையானது, மஞ்சள் கடுமையானது, நீலம் நடுத்தரமானது, பச்சை குறைந்த நச்சுத்தன்மையுடையது. தன்னளவிலே இது நல்லதோர் ஒழுங்கே. ஆனால் அதே நாட்டிலே உணவுப் பொதிகளின்மேல் பச்சைச் சதுரத்துள் அமைந்த பச்சை வட்டம் மரக்கறி உணவைக் குறிக்கின்றது. ஓரிடத்திலே 'நீ உண்ணலாம்' என்னும் நிறம், மற்றோரிடத்திலே 'இதுவும் நஞ்சே, ஆயினும் குறைந்தது' என்னும் பொருளைத் தாங்குகிறது. ஒவ்வொரு தொகுதியும் தனக்குள்ளே ஒருமை உடையது. இரண்டையும் ஒரே கையிலே வாங்கும் மனிதனுக்கு அவை ஒருமை உடையனவல்ல. நிறத்தை மட்டும் நம்புவதன் குறைபாட்டை உணர்ந்தே, நிறக்குருடருக்கு வேறுபாடு தெரியும்பொருட்டுப் புலால் உணவின் கபில வட்டம் பின்னர் முக்கோணமாக மாற்றப்பட்டது.

உள்ளூர் உதாரணம் ஒன்றும் இங்கு கூறத்தக்கது. மட்டக்களப்பு வாவியின் பாடுமீன் இப்பிரதேசத்தின் பெருமைக்குரிய அடையாளமாக வழங்குகிறது. கிருமிநாசினிச் சுட்டுத்துண்டுகளுக்கென 1980களிலே சர்வதேச மட்டத்தில் வகுக்கப்பட்ட படக்குறிகளிலும் மீன் ஒன்றுண்டு. அது நீர்நிலையிற் கலந்தால் மீனினத்துக்குத் தீங்கு விளையும் என்பதைச் சுட்டுவது. ஒரே உயிரின் உருவம், ஒரு பலகையிலே பெருமையையும் ஒரு போத்தலிலே ஆபத்தையும் குறிக்கின்றது. இரண்டையும் வேறுபடுத்துவது உருவமன்று. அதனைச் சூழ்ந்துள்ள சட்டமும் அருகிலுள்ள சொல்லுமே.

இங்கு ஓர் அடிப்படை முரண்பாடு வெளிப்படுகின்றது. வணிகக் குறியின் இயல்பு பிறவற்றிலிருந்து வேறுபட்டு நிற்றல். பாதுகாப்புக் குறியின் இயல்பு எங்கும் ஒன்றாயிருத்தல். முன்னதற்குத் தனித்துவம் உயிர். பின்னதற்குப் பொதுமை உயிர். 'எமது குறிகள் யாவும் எமது பாணியிலேயே அமையவேண்டும்' என்னும் கம்பனி விதியைப் பாதுகாப்புக் குறிகளுக்கும் நீட்டும்போது, கையுறைக்கு ஒரு கம்பனியிலே ஒரு வடிவமும் மற்றொன்றிலே மற்றொரு வடிவமும் தோன்றுகின்றன. அந்நிலையிலே கம்பனியின் ஒருமை சமூகத்தின் ஒருமையைச் சிதைக்கின்றது. ஆகவே நிறுவனம் தன் பாணியைச் செலுத்தக்கூடிய எல்லையும், பொது வழக்குக்குப் பணியவேண்டிய எல்லையும் தெளிவாக வரையறுக்கப்படல் வேண்டும்.

5

வடிவ ஒருமையிலிருந்து பொருள் ஒருமைக்கு வருவோம். குறி தான் கூறுவதற்கும் நிறுவனம் செய்வதற்கும் இடையிலுள்ள இசைவையே இங்கு பொருள் ஒருமை என்கிறோம்.

எயார் இந்தியா விமானசேவையின் மகாராஜா 1946இலே பொபி கூக்காவின் கற்பனையாலும் உமேஷ் ராவின் தூரிகையாலும் உருவானவர். தலைப்பாகை, முறுக்கிய மீசை, குனிந்து வரவேற்கும் நிலை என்பன அவரது நிலையான கூறுகள். விளம்பரங்களிலே அவர் செல்லும் நாட்டுக்கேற்ப வேடம் மாறினார். ஆயினும் அவரை எவரும் இனங்கண்டனர். ஒருமை என்பது மாறாமை மட்டுமன்று. மாறாதவை எவை, மாறக்கூடியவை எவை என்பதை அறிந்து பேணுதல் என்பதற்கு இது நல்ல உதாரணம். வடிவ நோக்கிலே மகாராஜா பெருவெற்றி என்பதை மறுப்பதற்கில்லை.

பொருள் நோக்கிலே நிலைமை வேறு. 1953இலே அச்சேவை தேசியமயமாக்கப்பட்டது. 1971இலே இந்தியக் குடியரசு முன்னாள் மன்னர்களின் மானியங்களையும் சிறப்புரிமைகளையும் அரசியலமைப்புத் திருத்தத்தால் ஒழித்தது. மன்னர்களை ஒழித்த அரசின் விமானங்களிலே மன்னர் ஒருவர் தொடர்ந்து குனிந்து வரவேற்றுக்கொண்டிருந்தார். மேலைநாட்டுப் பயணியின் மனத்திலே கீழைத்தேயம் என்றால் அரண்மனையும் பணிவுமே என்னும் படிமத்தை அக்குறி வளர்த்தது. 2022ஆம் ஆண்டு ஜனவரியிலே அந்நிறுவனம் மீண்டும் டாட்டா குழுமத்திடம் சென்றது. உடைமை இருமுறை கைமாறியும் பழைய சமூக உறவொன்றின் உருவம் குறியிலே தங்கிநின்றது. கருத்துநிலை எவ்வாறு பொருளாதார மாற்றத்துக்குப் பின்னரும் எஞ்சி வாழ்கிறது என்பதற்கு இதனினும் எளிய சான்று கிடைத்தல் அரிது.

இலங்கைத் தேயிலையின் சிங்கச் சின்னத்தையும் இவ்வாறே நோக்கலாம். தேயிலைச் சபைக்குரிய அச்சின்னத்தைப் பயன்படுத்துவதற்கு நிபந்தனைகள் உண்டு. பொதியிலுள்ளது முற்றிலும் இலங்கைத் தேயிலையாக இருத்தல் வேண்டும். இலங்கையிலேயே பொதிசெய்யப்பட்டிருத்தல் வேண்டும். சபையின் தர விதிகளுக்கு அமைந்திருத்தல் வேண்டும். கலப்புத் தேயிலை மலிந்த உலகச் சந்தையிலே இது நுகர்வோருக்கு மெய்யான காப்புறுதி. குறியும் கூற்றும் இங்கு இசைந்துள்ளன என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும்.

ஆயினும் குறி எதற்குப் பொறுப்பேற்கிறது, எதற்கு ஏற்கவில்லை என்பதும் விமர்சகரின் கேள்வியாகும். இலை எந்த நாட்டது என்பதை அது உறுதிசெய்கின்றது. இலையைக் கொய்தவரின் கூலி, குடியிருப்பு ஆகியவை பற்றி அது எதனையும் உறுதிசெய்வதில்லை. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட மலையகத் தொழிலாளர், தம் கைப்பட்ட பண்டம் தேசிய அடையாளத்தைத் தாங்கிச் சென்றபோதும் தாம் அவ்வடையாளத்துக்கு வெளியிலேயே நிறுத்தப்பட்டிருந்தனர். தேயிலைப் பொதிகளிலும் விளம்பரங்களிலும் அடிக்கடி காணப்படும் புன்னகை பூத்த கொழுந்து பறிக்கும் பெண்ணின் உருவம் இம்மௌனத்தை நிரப்புவதில்லை, மறைக்கிறது. மாட்டுக் குறியைப் பற்றி முன்னர் கூறிய நான்காவது பண்பு இங்கே விரிந்த அளவிலே தொழிற்படுகிறது. மேய்ப்பவருக்கு மாட்டுக் குறியிலே இடமிருக்கவில்லை. பறிப்பவருக்கு இங்கு இடம் உண்டு, ஆனால் அது அலங்காரத்தின் இடம்.

6

இலங்கைச் சூழலிலே மற்றொரு விடயமும் கவனத்துக்குரியது. படக்குறி மொழிவேற்றுமையைக் கடந்தது என்னும் வாதம் அடிக்கடி முன்வைக்கப்படுகிறது. ஓரளவுக்கு இது உண்மையே. 1931இலே சர்வசன வாக்குரிமை வந்தபோது வேட்பாளர்களுக்குரிய வாக்குப் பெட்டிகள் நிறங்களால் வேறுபடுத்தப்பட்டன. பின்னர் சின்னங்கள் அவ்விடத்தைப் பெற்றன. யானை, கை, வீடு, உதயசூரியன், துவிச்சக்கரவண்டி என்பன எழுத்தறியாத வாக்காளரும் தம் விருப்பைத் தாமே தெரிவிக்க வழிசெய்தன. சின்னம் எத்துணை மதிப்புடையதென்பதை 2004ஆம் ஆண்டுத் தேர்தல் காட்டிற்று. உதயசூரியன் யாருக்குரியது என்னும் பிணக்கு நீதிமன்றம்வரை சென்றது. இறுதியிலே தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு தமிழரசுக் கட்சியின் வீட்டுச் சின்னத்திலே போட்டியிட நேர்ந்தது. புதுச் சின்னத்தை மக்கள் மனத்திலே பதிப்பதைக் காட்டிலும் பழைய சின்னத்தின் நினைவைப் புதுப்பிப்பது எளிதாயிற்று. வழக்கின் ஒருமையினால் திரண்ட நம்பிக்கை ஒரு சொத்தாகும் என்பதை அரசியற் கட்சிகள் கம்பனிகளுக்குக் குறையாமலே அறிந்துள்ளன.

ஆனால் குறி மொழிக்கு மாற்றாக முடியாது. 1956ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டத்துக்குப் பின் தமிழ்பேசும் மக்கள் அரச அலுவலகங்களிலே பட்ட இடர்களை இங்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. 1987இலே பதின்மூன்றாவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கிற்று. சட்டத்தில் உரிமை கிடைத்த பின்னரும் சுட்டுத்துண்டுகளிலும் அறிவித்தல்களிலும் தமிழ் குறைந்தோ பிழைபட்டோ காணப்படும் நிலை நீங்கிவிடவில்லை. இந்நிலையிலே 'படம் இருக்கிறது, யாவர்க்கும் விளங்கும்' என்று கூறிச் சொல்லைக் கைவிடுதல், நவீனத்தின் பெயரால் பழைய அநீதியைத் தொடர்வதாகும். ஈராக்கிலே பையின்மேல் படம் இருந்தது. அரபுச் சொல் இல்லை. அதன் விளைவை மேலே கண்டோம்.

மறுபுறத்திலே, சொல்லும் ஒருமை உடையதாய் இருத்தல் வேண்டும். ஒரே குறியின் கீழ் ஓரிடத்திலே 'ஆபத்து' என்றும், வேறோரிடத்திலே 'அபாயம்' என்றும், பிறிதோரிடத்திலே 'எச்சரிக்கை' என்றும் எழுதினால், குறியினால் ஏற்பட்ட தெளிவு சொல்லினால் கெடும். குறித்தொகுதியின் கோட்டுத் தடிப்பை அளந்து பேணும் நிறுவனம், தன் தமிழ்ச் சொற்றொகுதியையும் அவ்வாறே பேணக் கடமைப்பட்டுள்ளது. தமிழை இறுதி வேளையிலே யாரோ ஒருவரைக் கொண்டு பெயர்த்து ஒட்டும் வழக்கம் உள்ளவரை நிறுவனத்தின் காட்சி ஒருமை அரைகுறையானதே.

7

இதுவரை கூறியவற்றிலிருந்து, ஒரு நிறுவனத்தின் படக்குறிகளை மதிப்பிடுதற்கு மூன்று அளவுகோல்களை வகுத்துக்கொள்ளலாம். முதலாவது வடிவம் பற்றியது: குறிகள் ஒரே கையால் எழுதப்பட்டவைபோல் அமைந்து, எங்கும் மாறாது வழங்குகின்றனவா? இரண்டாவது வாசிப்போர் பற்றியது: அவர்கள் ஏற்கெனவே அறிந்த வழக்கோடு அவை இசைகின்றனவா, பொதுவாயிருக்க வேண்டிய குறிகளை நிறுவனம் தன் பாணிக்காகத் திரித்துள்ளதா, அருகிலுள்ள சொல் அவர்தம் மொழியிலே உள்ளதா? மூன்றாவது செயல் பற்றியது: குறி உறுதிசெய்வதை நிறுவனம் நிறைவேற்றுகிறதா, உழைப்போரை அது காட்டுகிறதா, மறைக்கிறதா? வணிக நூல்கள் முதலாவதைப் பற்றி விரிவாகப் பேசுகின்றன. இரண்டாவதைத் தொட்டுச் செல்கின்றன. மூன்றாவதைப் பற்றி மௌனம் சாதிக்கின்றன. திறனாய்வாளரின் பணி அம்மௌனத்திலிருந்தே தொடங்குகின்றது.

வாழைச்சேனைக் கடதாசி ஆலையை இவ்வளவுகோல்களோடு எண்ணிப் பார்த்தல் பயனுடையது. வயலில் எஞ்சிய வைக்கோலைக் கடதாசியாக்கும் நோக்கோடு எழுந்து, இப்பகுதியிலே பல குடும்பங்களுக்குத் தொழில் அளித்த அவ்வாலை, போர்க்காலத்திலே நலிந்து ஓய்ந்தது. அதனை மீள இயக்கும் முயற்சிகள் பின்னர் மேற்கொள்ளப்பட்டுள்ளன. அத்தகைய ஆலையொன்று தன் கடதாசிக் கட்டின்மேல் எக்குறியை இடவேண்டும் என்பது அற்ப விடயமாகத் தோன்றலாம். ஆனால் அரச கூட்டுத்தாபனங்களின் குறிகள் பெரும்பாலும் பண்டம் உருவாகும் ஊரிலே பிறப்பதில்லை. தலைநகரிலே முடிவுசெய்யப்பட்டு ஊருக்கு அனுப்பப்படுவன. வைக்கோலைக் கொடுக்கும் உழவரும், இயந்திரத்தருகே நிற்கும் தொழிலாளரும், அக்கடதாசியிலே எழுதும் மாணவரும் அக்குறியைப் பற்றிக் கேட்கப்பட்டால், அது மும்மொழியிலும் பிழையின்றி எழுதப்பட்டால், கட்டு, வாகனம், வாயிற்பலகை ஆகிய யாவற்றிலும் மாறாது நின்றால், அத்துடன் அவர்களுக்குரிய கூலியும் காலந்தவறாது கிடைத்தால், அக்குறி முழுமையான பொருளிலே ஒருமை உடையதாகும். இறுதி நிபந்தனை வடிவமைப்பாளரின் கையிலே இல்லை. ஆயினும் அது நிறைவேறாதவிடத்து ஏனையவற்றால் எழுப்பப்படும் நம்பிக்கை நெடுநாள் நிலைப்பதில்லை.